மூன்றாம் நாள் சுண்டெலிகள்

சின்ன வயதில் கோடை லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனால் எனக்கென்று ஒரு வேலை காத்திருக்கும். பல் துலக்கியதும் ஊறுகாய் பாட்டில், காபித்தூள் டப்பா, எண்ணெய்த் தூக்கு மூன்றின் மூடியையும் திறந்து வைக்க வேண்டும். "ராசா, இதக் கொஞ்சம் திருகிக் குடுறா" என்று பெரியம்மா கூப்பிடுவார். வாசல் கோலம் அக்காவின் பொறுப்பு. காலை நேரத்தில் பெரியம்மாவால் கோலமாவைக் கிள்ளிப் பிடிக்க முடியாது.

ஆனால் பதினொரு மணி ஆகட்டும். அதே பெரியம்மா முறத்தை எடுத்து அரிசி புடைப்பார். அதே ஊறுகாய் பாட்டிலைத் தானே திறந்து, சோற்றோரம் ஒரு துண்டு வைப்பார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் கேட்டே விட்டேன்: "அது எப்படிப் பெரியம்மா, காலைல மட்டும் வலிக்கும்? சும்மா நடிக்கிறீங்களா?"

அவர் திட்டவில்லை. இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டி, "தொட்டுப் பாரு" என்றார். விரல்களின் நடு மூட்டுகள் வீங்கியிருந்தன. வலக்கையில் எந்த விரல்களோ, இடக்கையிலும் அதே விரல்கள். தொட்டால் கதகதவென்று சூடு.

அந்த நோய்க்குப் பெயர் முடக்குவாதம். வயதானவர்களுக்கு முழங்கால் தேய்ந்து வலிக்குமே, அது வேறு. பெரியம்மாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை, எதுவும் தேயவில்லை. ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவதுபோல, மூட்டு வழுக்கிக்கொண்டு அசையத் தேவையான திரவத்தைச் சுரப்பது அதுதான். முடக்குவாதத்தில் அந்தச் சவ்வுக்குள் ஒரு சண்டை நடக்கிறது. சண்டை நடக்கும் இடத்தில் சூடு, வீக்கம், வலி எல்லாம் வரும். இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டில் வீக்கம் தங்கிவிடும். விடியும் நேரத்தில், அந்தச் சூட்டைக் கிளப்பிவிடும் வேதிப்பொருள்களும் ரத்தத்தில் கூடியிருக்கும். அதனால்தான் எழுந்தவுடன் விரல் மரக்கட்டை. வேலை செய்யச் செய்ய மெல்ல இளகும். பெரியம்மா நடிக்கவே இல்லை.

(இது பெரியவர்களுக்கு மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள். பதினாறு வயதுக்குள் இருப்பவர்களுக்கும் மூட்டுவாதம் வரும். உங்கள் வகுப்பில் யாராவது காலை பிரேயரில் நொண்டிவிட்டு, மத்தியானம் ஓடி விளையாடினால், நான் கேட்ட கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள்.)

சரி, சண்டை யாருக்கும் யாருக்கும்? கிருமி எதுவும் அங்கே இல்லை. நம் உடம்பைக் காக்க வேண்டிய செல்களே நம் மூட்டைக் கடிக்கின்றன. வேலியே பயிரை மேய்கிற கதை. முடக்குவாதம் மட்டுமல்ல, சிறுவர்களுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய், லூபஸ் என்று இந்தக் குடும்பத்தில் நிறைய நோய்கள் உண்டு. தன்னுடல் தாக்கு நோய்கள் என்று பெயர். டாக்டர்கள் 'ஆட்டோஇம்யூன்' என்பார்கள்.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தெருநாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பெரியம்மா தெருவில் கறுப்பன் என்று ஒரு நாய். புது ஆள் வந்தால் குரைக்கும். தெருக்காரர் வந்தால் வாலாட்டும். சில நாள் இருட்டில் ஆள் தெரியாமல், தெருக்காரரையே பார்த்து உறுமத் தொடங்கும். அப்போது திண்ணையில் படுத்திருக்கும் தாத்தா கண்ணைக்கூடத் திறக்காமல், "ச்சூ!" என்பார். கறுப்பன் அடங்கிவிடும்.

இந்த 'ச்சூ'வை மறந்துவிடாதீர்கள். அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2025-இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

முதலில் நாயைப் பார்ப்போம். கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் நடுவில் ஓர் எலும்பு தட்டுப்படுகிறதா? அதன் மேல்பகுதிக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. உங்களுடையது என்னுடையதைவிடப் பெரியது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மைதான்: சிறுவயதில் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்கிவிடும் உறுப்பு அது. நம் காவல்நாய்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். அங்கே தேறி வெளியே வரும் செல்களுக்கு, தைமஸின் ஆங்கில முதலெழுத்தைக் கொண்டு, டி செல் என்று பெயர்.

ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரு மூக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செல்லின் மூக்கு ஒரு வாசனையைத்தான் அறியும். உலகத்தில் எந்தக் கிருமி எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரியாது அல்லவா? அதனால் அது மூக்குகளைக் குருட்டாம்போக்கில் தயாரிக்கிறது. சோழி குலுக்கிப் போடுவதுபோல. கோடி கோடியான வகைகள். அதில் ஒரு சிக்கல்: சில மூக்குகள் நம் சொந்த உடம்பின் வாசனையையே எதிரி வாசனையாக எடுத்துக்கொள்ளும்படி அமைந்துவிடும். தைமஸ் பள்ளியில் பரீட்சை வைத்து, வீட்டு வாசனைக்குக் குரைக்கிற செல்களை அங்கேயே அழித்துவிடுகிறார்கள். கொஞ்சம் கொடூரமான பள்ளிதான்.

பரீட்சை என்றால் ஒன்றிரண்டு பேர் எப்படியாவது தப்பி வந்துவிடுவார்களே, அது தெரிந்ததுதானே? அப்படித் தப்பியவர்கள் உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் நமக்கு மூட்டு வீங்கவில்லை. ஏன்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடாமல் போனவர் ஷிமோன் சகாகுச்சி. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பீவா ஏரியின் கரையில் இருக்கும் நகஹாமாவில் 1951-இல் பிறந்தவர். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1976-இல் பட்டம் வாங்கினார். மேற்படிப்பில் சேர்ந்தவர், அதைப் பாதியில் விட்டுவிட்டு நாகோயாவுக்குக் கிளம்பினார். அங்கே ஐச்சி புற்றுநோய் மையத்தில், யசுவாக்கி நிஷிசுகா என்பவர் செய்த ஒரு விநோதமான சோதனை அவரை இழுத்தது.

அந்தச் சோதனையைச் சொல்வதற்கு முன்னால் நீங்களே ஊகித்துப் பாருங்கள். ஒரு சுண்டெலிக் குட்டியின் தைமஸை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்தை மூடியாயிற்று, இனி காவல்நாய்கள் வராது, எலி கிருமியை எதிர்க்க முடியாமல் நோஞ்சானாகும். இப்படித்தானே சொல்வீர்கள்? சரிதான். பிறந்தவுடன் தைமஸை எடுத்தால் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. லண்டனில் ஜாக் மில்லர் 1961-இல் அதைக் காட்டியிருந்தார்.

ஆனால் நிஷிசுகாவும், அவரோடு வேலை பார்த்த தெருயோ சககுராவும், குட்டி பிறந்த மூன்றாம் நாளில் தைமஸை எடுத்தார்கள். 1969-இல் அவர்கள் எழுதிய முடிவு வேறு மாதிரி இருந்தது: பெண் எலிகளின் சினைப்பைகள் அழிந்துபோயின. பிறகு பார்த்தால், வேறு சில இன எலிகளில் தைராய்டும் வயிறும்கூடப் பாதிக்கப்பட்டன. கடித்தது யார்? எலியின் சொந்தக் காவல்நாய்கள்தாம். பள்ளிக்கூடத்தை மூடினால் நாய்கள் குறைய வேண்டும். இங்கே இருந்த நாய்கள் வெறிபிடித்துவிட்டன!

இன்னொரு வேடிக்கை. அதே தைமஸை ஏழாம் நாளில் எடுத்தால் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

துப்பறியும் கதை படிக்கிறவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். மூன்றாம் நாள் கதவைச் சாத்தினால் ஆபத்து. ஏழாம் நாள் சாத்தினால் ஆபத்தில்லை. அப்படியென்றால், இந்த இடைப்பட்ட நாள்களில் யாரோ முக்கியமான ஆள் தைமஸிலிருந்து வெளியே வருகிறார். குரைக்கிறவர்கள் முதலில் வந்துவிடுகிறார்கள். 'ச்சூ' சொல்கிறவர் சற்றுத் தாமதமாகக் கிளம்புகிறார்.

சகாகுச்சி செய்தது எளிய காரியம். மூன்றாம் நாளில் தைமஸ் இழந்த குட்டிகளுக்கு, அதே இனத்தைச் சேர்ந்த நல்ல எலிகளின் டி செல்களை ஊசி மூலம் செலுத்தினார். நோய் வரவில்லை. நன்றாக யோசித்துப் பாருங்கள், இது எவ்வளவு தலைகீழ் முடிவு! உடம்பைத் தாக்குவது டி செல். அதைத் தடுப்பதும் டி செல். நாய்க் கூட்டத்துக்குள்ளேயே தாத்தாவும் இருக்கிறார். 1982-இல் இது வெளியானது.

உடனே உலகம் கைதட்டியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. 'புலி வருது' கதை தெரியும்தானே? 1970-களில் பல ஆராய்ச்சியாளர்கள், அடக்கும் டி செல்கள் இருக்கின்றன என்று நிறையவே சொல்லிவிட்டார்கள். அதை நிர்ணயிக்கும் மரபணு எலியின் குரோமோசோமில் இந்த இடத்தில் இருக்கிறது என்றுகூடக் குறித்துக் காட்டினார்கள். 1983 வாக்கில், புதிய முறைகளைக் கொண்டு அந்த இடத்தைப் படித்துப் பார்த்தபோது, அங்கே அப்படி ஒரு மரபணுவே இல்லை. அதோடு அந்த ஆராய்ச்சிக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. 'அடக்கும் செல்' என்று வாயைத் திறந்தாலே மற்றவர்கள் சிரித்தார்கள். உண்மையான புலியைப் பார்த்த சகாகுச்சி சொன்னபோது, கேட்க ஆளில்லை. தைமஸில் பரீட்சை வைத்து அழிப்பதே போதும், வேறு காவலுக்குக் காவல் தேவையில்லை என்பதுதான் பலருடைய எண்ணம்.

அவர் அமெரிக்காவுக்குப் போய், சில ஆய்வு நிலையங்களில் இருந்துவிட்டு ஜப்பான் திரும்பினார். கேள்வி மட்டும் மாறவில்லை: அந்தத் தாத்தா செல்லை அடையாளம் காண்பது எப்படி?

இது கஷ்டமான வேலை. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லா டி செல்களும் ஒரே அச்சு. ஒரே சீருடையில் ஆயிரம் பிள்ளைகள் நிற்கும் மைதானத்தில் பெயர் தெரியாத ஒருவரைத் தேடுவதுபோல. ஆனால் செல்களின் மேல்தோலில் புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கும். சட்டையில் குத்திய பேட்ஜ் மாதிரி. எந்த பேட்ஜ் வைத்திருப்பவர்களை எடுத்துவிட்டால் மீதிப் பேர் சண்டை போடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்து வருடங்களுக்கும் மேல் ஆயிற்று. 1995-இல் சரியான பேட்ஜ் கிடைத்தது. அதன் பெயர் சிடி25. உதவி டி செல்கள் என்ற பெரிய வகையில், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துச் செல்கள்தான் இதை அணிந்திருந்தன.

நிரூபித்த விதம் அழகு. முடியே இல்லாத ஒருவகைச் சுண்டெலி உண்டு. அதற்குத் தைமஸும் கிடையாது. சகாகுச்சி குழுவினர் நல்ல எலியின் டி செல்களிலிருந்து சிடி25 பேட்ஜ்காரர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியை இந்த எலிக்குள் விட்டார்கள். பல உறுப்புகளில் சண்டை மூண்டது. பேட்ஜ்காரர்களையும் சேர்த்து விட்டபோது அமைதி. இந்தச் செல்களுக்கு 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' என்று பெயர் வைத்தார். 'அடக்கும்' என்ற பழைய, அவமானப்பட்ட சொல்லை அவர் தொடவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றே நினைக்கிறேன். அந்த 1995 கட்டுரையில் அவருடைய மனைவி நோரிகோவின் பெயரும் இருக்கிறது. அவரும் மருத்துவர், கூடவே ஆய்வில் உழைத்தவர்.

இனி கதை அமெரிக்காவுக்குத் தாவுகிறது, அதுவும் பின்னோக்கி. 1940-களின் கடைசியில், டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில், கதிர்வீச்சு உடம்பை என்ன செய்யும் என்று பார்க்க எலிகளை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தானாகவே ஒரு விநோதக் குட்டி பிறந்தது. தோல் செதில் செதிலாக உரிந்தது, மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கின. இந்த நோய் வந்த ஆண் குட்டிகள் சில வாரங்களே உயிரோடு இருந்தன. பெண் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொதுவாகப் பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஒரு பிரதி கெட்டால் பெண்ணுக்கு மாற்றுப் பிரதி இருக்கிறது. ஆகவே தவறு எக்ஸில்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தோலை வைத்து அந்த இனத்துக்கு 'ஸ்கர்ஃபி' என்று பெயரிட்டார்கள்.

எக்ஸில் எங்கே? எலியின் எக்ஸ் குரோமோசோமில் சுமார் 17 கோடி டிஎன்ஏ எழுத்துகள். 1990-களில், வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் தேடக் கிளம்பினார்கள். இன்றைய கருவிகள் அன்றைக்குக் கிடையாது. சல்லடை போட்டுச் சலித்துச் சலித்து ஐந்து லட்சம் எழுத்துகளுக்குச் சுருக்கினார்கள். அந்தப் பகுதியில் இருபது மரபணுக்கள். நோயுள்ள எலியையும் இல்லாத எலியையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து... எல்லாம் சரியாக இருந்தன. தொலைத்த பொருள் கடைசியாகத் திறக்கும் பெட்டியில்தானே இருக்கும்! இருபதாவது மரபணுவில் தவறு அகப்பட்டது.

எவ்வளவு பெரிய தவறு தெரியுமா? இரண்டே இரண்டு எழுத்து கூடுதல். மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். 'படம் மரம் கடல் பழம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சொல்லுக்குப் பின்னால் 'சர' என்று இரண்டு எழுத்தைச் செருகிவிட்டு, மறுபடியும் மூன்று மூன்றாகப் படியுங்கள்: 'படம் சரம ரம்க டல்ப ழம்'. அவ்வளவுதான், அர்த்தம் போயே போய்விட்டது. 2001-இல் இதை வெளியிட்டார்கள். மரபணுவுக்குப் பெயர் ஃபாக்ஸ்பி3. மனிதரில் இதே மரபணு கெட்டால், ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற அரிய, கடுமையான தன்னுடல் தாக்கு நோய் வருகிறது என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது.

இரண்டு கதைகளும் 2003-இல் சந்தித்தன. சகாகுச்சி குழு, சாதாரண டி செல்லுக்குள் ஃபாக்ஸ்பி3 மரபணுவைச் செலுத்திப் பார்த்தது. குரைத்துக்கொண்டிருந்த செல், 'ச்சூ' சொல்லும் செல்லாக மாறியது! ஸ்கர்ஃபி எலிக்கு என்ன குறை என்பதும் அதோடு விளங்கிவிட்டது. அதன் தெருவில் தாத்தாவே இல்லை.

பரிசு அறிவித்த அன்று, 2025 அக்டோபர் 6, நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி. பிரன்கோ வீட்டில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. ஸ்வீடன் எண்ணிலிருந்து போன் வந்ததும், ஏதோ தொல்லை அழைப்பு என்று விட்டுவிட்டுத் தூங்கினார். பத்திரிகைப் புகைப்படக்காரர் வாசலுக்கே வந்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. ராம்ஸ்டெல் மனைவியோடு மலைப்பக்கம் நடைப்பயணம் போயிருந்தார். திடீரென்று மனைவி கத்தினார். கரடிதான் வந்துவிட்டதோ என்று பயந்துபோனார் மனிதர். போனில் குவிந்திருந்த வாழ்த்துகளைப் பார்த்துத்தான் அவர் கத்தியிருக்கிறார். எழுபத்து நான்கு வயது சகாகுச்சி மட்டும் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஒழுங்காக இருந்தார். அங்கே சாயங்காலம்.

இத்தனையும் சொல்லிவிட்டுப் பெரியம்மாவின் விரலை மறந்துவிட்டோமே!

சகாகுச்சியின் கூண்டுகளில் இன்னொரு விநோத எலி இனம் உண்டாயிற்று. இரண்டு மாத வயதில் விரல்களின் சின்ன மூட்டுகள் வீங்கத் தொடங்கும். பிறகு மணிக்கட்டு, கணுக்கால். இடம் வலம் இரண்டிலும் ஒரே மாதிரி. அப்படியே முடக்குவாதம். இதைப் பற்றிய 2003 கட்டுரையில் முதல் பெயர் நோரிகோவுடையது. எலிக்கு வைத்த பெயர் எஸ்கேஜி. சகாகுச்சி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதி, முதல் மூன்று மெய்யெழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள், புரியும். இதில் தவறு ஒரே ஓர் எழுத்து. டி செல்லின் மூக்கு முகர்ந்ததை உள்ளே சொல்லும் ஒரு புரதம் மந்தமாகிவிட்டது. அதனால் தைமஸ் பரீட்சையில் பிடிபட வேண்டியவர்கள், வாசனையே தெரியாதவர்கள்போல நழுவி வந்துவிடுகிறார்கள். ஆனால் மிகச் சுத்தமான அறையில் வளர்த்தால் இந்த எலிகளுக்கு நோய் வருவதில்லை. பூஞ்சைக் காளானின் சுவரில் இருக்கும் ஒரு சர்க்கரைப் பொருளைக் கொடுத்தால் வந்துவிடுகிறது. எழுத்துப் பிழை மட்டும் போதாது. வெளியிலிருந்து ஒரு சீண்டலும் வேண்டியிருக்கிறது.

இப்போது பெரியம்மா வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடுகிற மாத்திரை சாப்பிடுகிறார். அது நாய்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் சோர்வாக்கிவிடும், நல்ல நாயையும் சேர்த்து. அதனால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 'ச்சூ' செல்களை மட்டும் பெருக்கி நோயாளிகளுக்குக் கொடுக்கலாமா என்று பல நாடுகளில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். புற்றுநோய்க்காரர்களுக்கோ இதற்கு நேர்மாறான தேவை. சில கட்டிகள் இந்தத் தாத்தாக்களைத் தங்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு, காவல்நாய்களை அண்டவிடாமல் செய்கின்றன. அங்கே தாத்தாவை எழுப்பி அனுப்ப வேண்டும்.

போன மாதம் பெரியம்மா வீட்டில் ஒரு காலை நேரம் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். நோபல் பரிசு, எக்ஸ் குரோமோசோம் எதுவும் அவரை அசைக்கவில்லை. எஸ்கேஜி எலி வந்ததும்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"பாவம். அதுக்கும் காலைலதான் விரல் மடங்காதா?" என்று கேட்டுக்கொண்டே ஊறுகாய் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். மணி எட்டுகூட ஆகியிருக்கவில்லை.